அணையைத் தாங்கும் கைகள் எந்த மாநிலத்துக்குச் சொந்தம்?

சரிந்து வரும் மலையைத் தோளால் தடுக்கவும், வானில் பறக்கவும், பத்து லாரிகளை ஒருசேரத் தூக்கவும் வல்ல ஒரு சூப்பர்ஹீரோ நாளை காலை குமுளி பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கூட்டம் கூடும், செல்போன்கள் உயரும். திரைப்படங்களும் காமிக்ஸ் புத்தகங்களும் இந்த வியப்பைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. தமிழ்நாடு-கேரள எல்லையில் வாழ்கிறவர்களின் மனம் வியப்போடு நிற்காது. இவர் எந்தப் பக்கத்து ஆள்? யார் கூப்பிட்டால் வருவார்? இவரால் சேதம் வந்தால் எந்த ஊர்க் கலெக்டரிடம் மனு கொடுப்பது? ஒரு மணி நேரத்துக்குள் இந்தக் கேள்விகள் டீக்கடைக்கு வந்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்களுக்கு இவை புதிய கேள்விகள் அல்ல. மனித ஆற்றலை மிஞ்சிய ஒன்று ஒரு மாநிலத்தின் மண்ணில் நின்றுகொண்டு இன்னொரு மாநிலத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டால் என்னாகும் என்பதை, கேரளத்தில் நிற்கிற, தமிழ்நாடு இயக்குகிற முல்லைப் பெரியாறு அணை எங்களுக்கு நூறாண்டுக்கும் மேலாகக் காட்டிவருகிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீரை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரையிலான பாசனமும் அந்த நீரை நம்பியிருக்கின்றன. கதைகளில் ஆற்றின் போக்கை மாற்றுவது அரைப்பக்கச் சாகசம். இங்கே அதற்கு எட்டு ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. காய்ச்சலும் காலராவும் காட்டாற்று வெள்ளமும் ஏராளமான தொழிலாளர்களின் உயிரைக் கொண்டுபோயின.

தேனி மாவட்டத்தின் பல வீடுகளில் பென்னிகுவிக்கின் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அங்கிருந்து மலையேறி, குமுளியைத் தாண்டி வண்டிப்பெரியாறு, உப்புதறை பக்கம் போனால், அதே அணை மழைக்கால இரவுகளில் மக்களைத் தூங்கவிடாத அச்சமாக இருக்கிறது. இந்த வணக்கமும் உண்மை, அந்த அச்சமும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் மலைச்சாலைதான்.

2011 டிசம்பரில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அணையின் பாதுகாப்பு பற்றிய சர்ச்சை முற்றியபோது, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கினார்கள். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கித் திரண்டார்கள். தினமும் ஜீப்பில் எல்லை தாண்டிப் போய்க் கூலி வாங்கிவந்த பெண்கள் வீட்டில் முடங்கினார்கள். அணை உடைந்துவிடவில்லை. உடையக்கூடும் என்ற எண்ணமே ஊரை இரண்டாக்கப் போதுமானதாக இருந்தது. சூப்பர்ஹீரோ ஒருவர் வந்தால் அவருக்கும் இதுவே நேரும் என்று உறுதியாக நம்புகிறேன். அவர் ஒன்றுமே செய்யாமல் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தாலும், அவரால் செய்ய முடிகிறவற்றை நினைத்தே ஒரு பக்கம் பூப்போடும், மறுபக்கம் கதவைச் சாத்தும்.

அணை வழக்கின் காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். 1979இல் பாதுகாப்புக் காரணத்துக்காக நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடிவரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டம் திருத்தியது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்து, மூவர் கண்காணிப்புக் குழுவை அமைக்கச் சொன்னது. ஆறடி உயரத்துக்காக 35 ஆண்டு இழுபறி. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது, முல்லைப் பெரியாற்றிலிருந்து திடீரெனத் திறந்த நீரும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. தமிழ்நாடு அதை மறுத்தது. இடம் பெயராத, அடிக்கணக்கில் அளக்கக்கூடிய ஒரு கட்டுமானத்துக்கே இத்தனை வழக்கு என்றால், பறக்கிற, சினம்கொள்கிற, களைத்துத் தூங்குகிற ஒரு மனிதரை எந்த அளவுகோலால் அளந்து வரம்பு கட்டுவார்கள்? அந்த வெள்ளத்தில் அவர் மதகை மூடிப் பிடித்திருந்தால் ஒரு மாநிலமும், திறந்துவிட்டிருந்தால் மற்ற மாநிலமும் அவர் மீது வழக்குப் போட்டிருக்கும்.

அணையைக் கையால் தாங்குவது நடக்கக்கூடியதா என்பதையும் பார்த்துவிடலாம். 142 அடி உயர நீர், அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 43 டன் எடைக்குச் சமமாக அழுத்தும். அணையின் நீளமோ சுமார் 1,200 அடி. இந்த விசை முழுவதும் பரந்த அடித்தளத்தின் வழியே பாறைக்குள் இறங்குவதால்தான் அணை நிற்கிறது. ஒருவர் இரண்டு உள்ளங்கைகளை வைத்துத் தாங்கினால் சுமை அந்த இரண்டு இடங்களில் குவியும். சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் பொடியும் கொண்டு கட்டிய சுவர் அங்கேயே நொறுங்கிவிடும். அவருடைய கால்களுக்குக் கீழே இருக்கும் நிலமும் அதே விசையைத் திருப்பித் தர வேண்டும். மழையில் ஊறிய சேறு அதைத் தராது; அவர் இடுப்பளவு புதைந்துபோவார். 1979க்குப் பிறகு செய்த வேலைகள் இந்தக் கணக்கை அறிந்து செய்தவை: மேலே கான்கிரீட் மூடி, உடலுக்குள் எஃகுக் கம்பி நங்கூரம், பின்புறம் கான்கிரீட் முட்டு. ஆக, போலீசுக்கு முன்பே அவரைத் தேடிவர வேண்டியவர்கள் பொறியாளர்கள். எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து வருவது சட்டம். முகமூடி அணிந்து திருடனைப் பிடிப்பதற்குச் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, தன் கண்ணெதிரே ஜாமீனில் வர முடியாத, பிடியாணை இல்லாமல் கைதுசெய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரை எந்தக் குடிமகனும் பிடிக்கலாம் என்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓங்கி ஒரு குத்து விட்டால் அது தனி வழக்கு.

அரசே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி, போதிய பயிற்சி இல்லாமல் துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராக இறக்கிய ஏற்பாட்டை 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தடுத்தது. மக்களின் உயிரைக் காக்கும் பொறுப்பை அரை ஆயத்தத்தில் இருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த இளைஞர்களின் உயிரும் பணயமாகக்கூடாது. இது சூப்பர்ஹீரோவுக்கும் அப்படியே பொருந்தும். இன்னொரு பக்கம், அரசியல் சாசனத்தின் 23ஆவது கூறு கட்டாய உழைப்பைத் தடைசெய்தாலும், பொதுநலனுக்காகக் கட்டாயச் சேவையை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. "உன்னால் மட்டும்தான் முடியும், ஆகவே நீ வந்தாக வேண்டும்" என்று ஓர் உத்தரவு போட்டால், அந்த மனிதரின் ஓய்வும் குடும்பமும் என்னாகும்? காப்பாற்ற வந்தவரைக் காப்பாற்றவும் ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சேதம் நேர்ந்தால்? டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் ஒரு கடுமையான விதியை வகுத்தது. அபாயகரமான தொழிலை நடத்துகிற நிறுவனம் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், விளைந்த தீங்குக்கு இழப்பீடு தந்தே ஆக வேண்டும். சூப்பர்ஹீரோவை அரசு நடத்தினால் அரசே அந்த நிறுவனம் என்று வழக்கறிஞர்கள் முதல் நாளே வாதிடுவார்கள். அது நியாயமான வாதம்தான்.

மீட்கப்பட்டவருக்கும் மீட்புக்குப் பின் ஒரு கதை உண்டு. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழை அருகே குரும்பாச்சி மலை இடுக்கில் சுமார் 45 மணி நேரம் சிக்கியிருந்த இளைஞரை ராணுவம் மீட்டது. வெலிங்டனிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவந்ததை நாடே பார்த்துக் கைதட்டியது. பின்னர் அத்துமீறி வனத்தில் நுழைந்ததாக வனத்துறை அவர் மீது வழக்குப் பதிந்தது. மீட்கும் அரசுக்கும் ரசீது வரும். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு நேர்ந்தது. அதற்கும் முந்தைய பேரிடர்களுக்கும் விமானப்படை செய்த மீட்புப் பணிக்காகச் சுமார் 132 கோடி ரூபாய் செலுத்துமாறு மத்திய அரசு அதே ஆண்டு கேரளத்திடம் கேட்டது. பறக்கும் மனிதர் மத்திய அரசின் சம்பளத்தில் இருந்தால் அவருடைய ஒவ்வொரு பயணத்துக்கும் இப்படி ஒரு தாள் பின்னால் வரும். அழைக்கலாமா வேண்டாமா என்று ஓர் அதிகாரி யோசிக்கும் பத்து நிமிடத்தில் மலை இறங்கிவிடும்.

இவற்றையெல்லாம்விட என் மனதை அழுத்துவது வேறு. யாரை முதலில் காப்பாற்றுவார் என்ற கேள்வி.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளைப் புதைத்தது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வாரிசுகள். அந்த இரவில் மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே செய்தி தெரிந்தது. வழியில் பெரியவாரைப் பாலம் சேதமாகியிருந்ததால் மீட்பு வண்டிகள் தாமதமாயின. அதே ஆகஸ்ட் 7 மாலை, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். அங்கே கொட்டும் மழையிலும் கொரோனா அச்சத்திலும் உள்ளூர் மக்கள் தங்கள் சொந்தக் கார்களில் காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அவர்கள் செய்தது மாபெரும் செயல்.

ஆனால் கரிப்பூரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். பெட்டிமுடிக்கானது முதற்கட்ட உதவிதான் என்று அரசு விளக்கமளித்தது. தோட்டத்து மக்களின் மனதில் விழுந்த கீறல் அந்த விளக்கத்தால் ஆறவில்லை.

இந்த இரண்டு நாட்களுக்குள் நம் சூப்பர்ஹீரோவை நிறுத்திப் பாருங்கள். விமானம் விழுந்ததை நாடு நிமிடங்களில் அறிந்தது. மண்ணுக்கடியில் கிடந்தவர்களின் குரல் மலையைத் தாண்டவில்லை. அவர் பறந்து போவது செய்தி வந்த திசையில்தான். எல்லாக் குரல்களையும் கேட்கும் காது அவருக்கு இருக்கிறது என்றே கொள்வோம். அப்போது ஒரே நொடியில் நாடு முழுவதிலிருந்தும் கூக்குரல்கள் வந்து சேரும், யாராவது வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். அந்த வரிசை கட்டுப்பாட்டு அறையில் தயாராகும். தலைநகரம், விமான நிலையம், அமைச்சர் சுற்றுப்பயணம், தேர்தல் தொகுதி என்று போய், டவர் இல்லாத லயம் கடைசியில் வரும். கேரளத்தின் வாக்காளராக இருந்தும் தமிழ் பேசுவதால் அங்கே பாதி அந்நியர், தமிழ்நாட்டில் சொந்தங்கள் இருந்தும் ரேஷன் கார்டு இல்லாததால் இங்கே முழு அந்நியர். அப்படிப்பட்டவர்களுக்காக அந்த அறையில் பேசுவதற்கு யார் இருப்பார்கள்? தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்தில் வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சரியக்கூடிய மலையடிவாரத்தில் அவர்கள் குடியிருந்ததே இந்த ஏற்பாட்டால்தான். மண்ணைத் தோண்டி ஒருவரைத் தூக்கிவிட அதிமனிதரால் முடியும். அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் பட்டா கொடுக்கத் தாசில்தார்தான் வர வேண்டும்.

நல்லவர் ஒருவர் இருக்கிறார் என்பதே மற்றவர்களைத் தளரச்செய்யும் ஆபத்தும் உண்டு. 1968இல் அமெரிக்க உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் துடிப்பதைக் கேட்கிறோம், வேறு யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தது 31 சதவீதம் மட்டுமே. அந்த நான்கு பேருக்குப் பதிலாக எதையும் செய்யவல்ல ஒருவர் இருந்தால் இந்த எண்ணிக்கை எவ்வளவு இறங்கும் என்று எண்ணும்போதே கலக்கமாக இருக்கிறது. வெள்ளத் தடுப்புக் கரைகளைக் கட்டக் கட்ட, மக்கள் துணிந்து ஆற்றுச் சமவெளியில் வீடு கட்டுவதையும், கரை மீறும் நாளில் இழப்பு முன்னைவிடப் பெருகுவதையும் கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர் 1940களிலேயே சுட்டிக்காட்டினார்.

பரம்பிக்குளத்தை நினைத்துப் பாருங்கள். அந்த அணை கேரள வனத்துக்குள் இருக்கிறது, இயக்குவது தமிழ்நாடு. வாகனத்தில் போக வேண்டுமென்றால் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக முடியும். 2022 செப்டம்பரில் ஒரு நள்ளிரவுக்குப் பின் அதன் மூன்று ஷட்டர்களில் ஒன்று சங்கிலி அறுந்து பெயர்ந்து, நீர் கட்டுப்பாடின்றிச் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. சூப்பர்ஹீரோ ஒருவர் அன்று வந்து ஷட்டரைப் பிடித்து நிறுத்தியிருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்போம். அடுத்த ஆண்டுப் பராமரிப்பு மதிப்பீட்டில் ஷட்டர்ச் சங்கிலிக்கான தொகையை ஒருவர் அடித்துவிட்டிருப்பார். அதற்கடுத்த ஆண்டு அவர் வேறு எங்கோ வேலையாக இருக்கும்போது சங்கிலி மறுபடியும் அறும்.

2018 வெள்ளத்தில் கேரளத்தைத் தூக்கிநிறுத்தியது வேறு வகை ஆற்றல். திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழைக் கடற்கரைகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட மீனவர்கள் நூற்றுக்கணக்கான படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தார்கள். மதிலிலும் மின்கம்பத்திலும் மோதிப் படகுகள் கிழிந்தன. ஆயிரக்கணக்கானோரைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பினார்கள். கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வர் அவர்களைப் போற்றினார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ஆற்றல் பரவிக் கிடந்த விதம். ஒரு படகு கவிழ்ந்தால் அடுத்தது வந்தது, செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் ஒரே நேரத்தில் போக முடிந்தது. எந்த ஒரு மனிதரின் மனநிலையையும் உடல்நிலையையும் நம்பி அந்த மீட்பு இருக்கவில்லை.

உலக நாடுகளின் எதிர்வினையை ஊகிப்பது இதைவிட எளிது, வரலாறு ஒருமுறை அதைச் செய்துகாட்டிவிட்டது. 1945இல் அமெரிக்காவிடம் அணுகுண்டு இருந்தது. சோவியத் யூனியன் 1949இலும், பிரிட்டன் 1952இலும், பிரான்ஸ் 1960இலும், சீனா 1964இலும் வெடித்துப் பார்த்தன. பிறகு 1967க்கு முன் வெடித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் வந்தது. இந்தியா அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. அதிமனிதர்களுக்கும் இப்படியொரு தேதிக்கோடு போடுவார்கள். கோட்டுக்குப் பின்னால் பிறந்த குழந்தை சட்டவிரோதமாகிவிடும். நம் குமுளிக்காரர் சூலூர் விமானப்படைத் தளத்தின் ராடாரில் அடையாளமற்ற புள்ளியாகத் தெரிந்த நாளிலிருந்தே வெளிநாட்டுத் தூதரகங்கள் அவருடைய கோப்பைத் திறந்திருக்கும்.

ஊருக்குள் அவரைச் சாமியாக்குவார்கள். நம் முன்னோர் ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் முதல் ஆந்திர எல்லை வரை அந்தக் கற்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் கல்லானவன் இறந்தவன், அவனால் புதிதாக யாருக்கும் கேடு செய்ய முடியாது. உயிரோடு இருப்பவருக்குப் படையல் போட்டால் அது கோட்டையில்தான் போய் முடியும். பாலக்காட்டு வடவன்னூரில் வேர்கொண்ட எம்.ஜி.ஆர். 1977இல் தமிழ்நாட்டின் முதல்வரானார். என்.டி.ராமராவ் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் ஆந்திரத்தின் முதல்வரானார்; அந்தத் தேர்தலில் அவர் வென்ற இரண்டு தொகுதிகளில் நம் எல்லையை ஒட்டிய திருப்பதியும் ஒன்று. திரையில் காத்தவர்களுக்கே அத்தனை வாக்கு என்றால், நிஜமாகவே காத்தவரை எதிர்த்து யார் வேட்புமனு போடுவார்கள்? எதிர்க்கட்சி இல்லாத அந்தத் தேர்தல்தான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எனக்குப் பெரிய அச்சம்.

கடைசியில் இரு மாநிலங்களும் மத்திய அரசும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதும். வடிவம் நமக்குத் தெரிந்ததுதான். முல்லைப் பெரியாற்றின் துணை ஒப்பந்தங்களும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தமும் 1970 மே 29 அன்று கையெழுத்தாயின. குத்தகைத் தொகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது, நீர்ப் பங்கீடு எழுதப்பட்டது. 2014 தீர்ப்பின்படி அமைந்த குழுவில் மத்திய நீர்வள ஆணையத்திலிருந்து ஒருவர், மாநிலத்துக்கு ஒருவர் என முதலில் மூன்று பேர் இருந்தார்கள். சூப்பர்ஹீரோவுக்கும் இப்படி மூன்று நாற்காலிகள் போடப்படுமானால், நான்காவதாக ஒன்று வேண்டும் என்று கேட்பேன். அதில் லயத்தில் குடியிருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளி உட்கார வேண்டும். அழைப்பு வராத இடத்துக்கு மழை அளவைப் பார்த்தே முதலில் பறக்க வேண்டும் என்றும், இறந்தவர் விமானத்தில் வந்தவரானாலும் கொழுந்து பறித்தவரானாலும் இழப்பீடு ஒரே தொகை என்றும், ஷட்டர்ச் சங்கிலிக்கான பராமரிப்புப் பணத்தில் கைவைக்கக்கூடாது என்றும் எழுதிய பிறகே அவர் கையெழுத்துப் போட வேண்டும்.